கார்கர் எப்போது நகரமானது?

நவி மும்பையின் கார்கரில் 2016 வரை இருந்த உள்ளாட்சி அமைப்பு ஒரு கிராமப் பஞ்சாயத்து. அடுக்குமாடிகள் வரிசை வரிசையாக நின்றன. நிஃப்ட் ஆடை வடிவமைப்புக் கல்லூரி இருந்தது, பெரிய பூங்கா இருந்தது, கோல்ஃப் மைதானம்கூட இருந்தது. மேயர் மட்டும் இல்லை, ஊராட்சித் தலைவரான சர்பஞ்ச்தான். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினால், அதே கார்கர் சுமார் 80 ஆயிரம் பேரோடு நகர்ப்புறப் பட்டியலில் இருக்கிறது. மாநில அரசுக்குக் கிராமம், கணக்கெடுப்புத் துறைக்கு நகரம்.

இத்தனைக்கும் இது தானாக வளர்ந்த ஊர் அல்ல. மும்பையின் நெரிசலைக் குறைக்கக் கடற்கழிக்கு அக்கரையில் புது நகரம் கட்டலாம் என்று சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் மூவரும் 1965-ல் ‘மார்க்’ இதழில் யோசனை சொன்னார்கள். அந்த நகரத்தைக் கட்ட 1970-ல் மகாராஷ்டிர அரசு சிட்கோ நிறுவனத்தைத் தொடங்கியது (நம்மூர் சிறுதொழில் சிட்கோ வேறு). 95 கிராமங்களை உள்ளடக்கிய 344 சதுர கிலோமீட்டரில் சாலை, ரயில், சந்தை, குடியிருப்பு எல்லாம் வரைபடத்தில் முதலிலேயே இடம்பிடித்தன. நகரம் கட்டுவதற்கென்றே போட்ட திட்டம்தான். ஆனாலும் ‘இது நகரம்’ என்று சான்றளிக்க வரைபடம் போதாது.

இந்தியாவில் ஓர் ஊர் நகரமாக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று சட்டம்: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று மாநில அரசு அறிவித்துவிட்டால் கேள்வியே இல்லை. மற்றது கணக்கு. ஊரில் குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். ஆண் முதன்மைத் தொழிலாளர்களில், அதாவது ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்பவர்களில், 75 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் அது ‘கணக்கெடுப்பு நகரம்’. 2001-ல் இப்படிப்பட்ட ஊர்கள் 1,362. 2011-ல் ஏறத்தாழ 3,900. பத்தாண்டில் இந்தியா நகரமயமானது என்று நாம் சொல்லிக்கொள்வதில் கணிசமான பங்கு இந்தப் பெயர்மாற்றத்துக்கு உரியது.

மூன்றாவது நிபந்தனையில் பெண்களைக் காணோம். கிராமங்களில் பெண்களின் வேலை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, ஒரே சீராகப் பதிவாவதில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பதிவேட்டின் குறையைத் திருத்துவதை விட்டுவிட்டு, பதிவானவர்களையே ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆண்கள் ஆலை வேலைக்குப் போக, பெண்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் ஊர் இந்தக் கணக்கில் சுலபமாக நகரமாகிவிடும்.

திட்டமிட்ட நகரங்களில் இந்த நிபந்தனை இன்னொரு விதமாகவும் வேலை செய்கிறது. நவி மும்பைக்காக ஆக்ரி, கோலி மக்களின் நெல் வயல்களும் உப்பளங்களும் கையகப்படுத்தப்பட்டன. நிலம் போனபின் உழவர் உழவராக இருக்க முடியாது. வெளியிலிருந்து ஒருவரும் குடிவராவிட்டாலும், விவசாயம் அல்லாதோர் விழுக்காடு தானே ஏறிவிடும்.

இன்னொரு வேடிக்கை: 2011-க்கான கணக்கெடுப்பு நகரப் பட்டியல் 2011-ன் எண்ணிக்கையை வைத்துத் தயாரானதல்ல. எண்ணும் வேலை தொடங்குவதற்கு முன்பே, 2001-ல் 4,000 பேரைத் தாண்டியிருந்த கிராமங்களை எடுத்து, அன்றைய அடர்த்தியையும் தொழிலையும் பார்த்து முடிவுசெய்தார்கள்.

அடர்த்தி என்பதோ வகுத்தல் கணக்கு. எதை வகுக்கிறோம் என்பதைவிட எதால் வகுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் மலையும் சதுப்பும் வந்துவிட்டால் வீடுகள் எவ்வளவு நெருங்கி நின்றாலும் சராசரி இறங்கிவிடும். அமெரிக்காவில் 2010 கணக்குப்படி மிக அடர்த்தியான பெரிய நகர்ப்புறப் பகுதி எது என்று கேட்டால் பலரும் நியூயார்க் என்பார்கள். விடை லாஸ் ஏஞ்சலிஸ்: சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2,700 பேர். நியூயார்க் பகுதியில் 2,050 பேர்தான். மன்ஹாட்டனின் நெரிசலை, நியூ ஜெர்சி, கனெக்டிகட் பக்கம் பெரிய பெரிய மனைகளோடு பரந்து கிடக்கும் புறநகர்கள் நீர்க்கச் செய்துவிடுகின்றன. அமெரிக்காவில் ஓர் இடத்துக்கு நகராட்சி இருக்கிறதா என்பதைக் கணக்கெடுப்புத் துறை பார்ப்பதே இல்லை. மேரிலாந்தில் ஜேம்ஸ் ரவுஸ் 1967-ல் திறந்துவைத்த கொலம்பியா என்னும் திட்ட நகரில் ஒரு லட்சம் பேர் வசிக்கிறார்கள். மேயரோ நகர மன்றமோ கிடையாது. அதனால் அதன் நகர்ப்புறத் தகுதிக்குக் குறைவு எதுவும் வரவில்லை.

இனி, பக்கத்துப் பெருநகரோடு சேர்த்து எண்ணுவதா, தனியாகவா என்ற கேள்வி. இந்தியாவில் ‘நகர்ப்புறத் திரள்’ என்பதற்கு இடைவிடாத தொடர்ச்சி வேண்டும். நவி மும்பையின் வாஷியையும் மும்பையையும் தாணே கடற்கழி பிரித்தாலும், வடக்கே ஐரோலிப் பக்கம் நவி மும்பை தாணேயைத் தொடுகிறது, தாணே மும்பையைத் தொடுகிறது. ஆகவே நவி மும்பை மாநகராட்சியின் 11 லட்சம் பேர் 2011-ல் பெருமும்பைத் திரளில் சேர்ந்தார்கள். அதே சிட்கோ வரைபடத்தில் தெற்கே ராய்கட் மாவட்டத்தில் விழுந்த கார்கரும் பன்வேலும் சேரவில்லை. ரயிலில் மும்பைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இந்தக் கோடு கண்ணில் படப்போவதில்லை.

இப்படிப்பட்ட எல்லைக் கோடுகளே வேண்டாம் என்கிறது 2020-ல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற முறை. நிலப்பரப்பை ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாக்கி, 1,500 பேருக்குக் குறையாத கட்டங்கள் அடுத்தடுத்து அமைந்து, மொத்தம் 50,000 பேர் தேறினால் அது மாநகரம். 300 பேருக்குக் குறையாத கட்டங்கள் சேர்ந்து 5,000 தேறினால் சிறுநகரம் அல்லது புறநகர்ப் பகுதி. நாடுகளை ஒப்பிட இது நல்ல அளவுகோல். ஆனால் தொழிலைப் பற்றி இதற்குக் கவலையில்லை; கங்கைச் சமவெளியில் நெருங்கி வாழும் விவசாயக் கிராமங்கள் இதில் நகர்ப்புறமாகிவிடும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாதபடி, பெயரோடு பணமும் வருகிறது. ஊரக வளர்ச்சி நிதி கிராமங்களுக்குத்தான். அந்த நிதியைப் பெறுவதற்காகத் தமிழ்நாட்டிலேயே 2004-ல் பேரூராட்சிகள் பலவற்றைச் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றி, 2006-ல் மறுபடி பேரூராட்சியாக்கினார்கள். இடையில் அந்த ஊர்களின் தெருக்கள் மாறவில்லை. கார்கர் 2016-ல் புதிய பன்வேல் மாநகராட்சிக்குள் வந்தது. பின்னர் அந்த ஆண்டிலிருந்தே கணக்கிட்டுச் சொத்துவரி கேட்டது மாநகராட்சி. அந்த ஆண்டுகளில் சேவைக் கட்டணத்தைச் சிட்கோவுக்குக் கட்டிவிட்டோமே, ஒரே வேலைக்கு இரண்டு பேருக்கா பணம் என்று குடியிருப்போர் போராட்டத்தில் இறங்கினார்கள். வழக்கு நீதிமன்றம்வரை போனது.