ஓடியும் ஓடாத ஓட்டம்

ஓட்டப்போட்டியிலே தோற்றவனுக்கு ஆறுதல் கூறுவது எளிது. வென்றவனைப் பாராட்டுவது அதனினும் எளிது. முதலிலே வந்து நின்றவனை நோக்கி, 'நீ ஓடியது ஓட்டமே அன்று' என்று கூற நேர்ந்தால் யாது செய்வது? இங்கிலாந்திலே, லிவர்பூல் நகரையடுத்த எயின்றீக் குதிரைப்பந்தயத் திடலில், 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 3ஆம் நாள் அவ்வாறு கூற நேர்ந்தது.

'கிறாண்ட் நஷனல்' எனப்படும் அப்பந்தயம் பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டு நடந்துவருவது. அந்நாளில் அதன் தூரம் ஏறத்தாழ நாலரை மைல். திடலை இருமுறை சுற்றி 30 தடைகளைத் தாண்டுதல் வேண்டும். குதிரை இடறி வீழ்வதும், ஊர்பவருக்கு எலும்பு முறிவதும் அங்கே புதுமையல்ல. இத்துணைக் கடிய ஓட்டத்தைத் தொடக்கிவைத்தது எது? திடலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரு நாடா. அது மேலெழுந்ததும் குதிரைகள் பாயும். தொடக்கம் பிழைத்ததாயின், தொடக்க அதிகாரி செங்கொடி வீசுவார்; அதனைக் கண்டு, சற்றுத் தொலைவில் நிற்கும் உதவியாளர் தமது கொடியை வீசி ஓடுவோரைத் திருப்புவார். ஒரு நாடா, இரண்டு கொடி; ஏற்பாடு அவ்வளவே. நம் முன்னோர் குதிரைக்குப் பரி, புரவி, மா, இவுளி, துரகம் என்று எத்தனையோ பெயர்களை வழங்கினர். அதனை ஓடவிடுவதற்குக் கொடியைப் பிடிப்பவனைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? எயின்றீயிலும் கவலைப்பட்டாரிலர் போலும்!

பந்தயத்தை எதிர்த்தோர் சிலர் அன்று முதற்றடையருகே புகுந்தமையால் தொடக்கம் தாமதித்தது. 39 குதிரைகளும் நின்று நின்று பொறுமையிழந்தன. தாமதத்தின் காரணத்தைக் குதிரைக்கு எடுத்துரைக்க இயலுமா? முதன்முறை நாடா எழுந்தபோது சிலர் அதிற் சிக்கினர், கொடி வீசப்பட்டது, யாவரும் மீண்டனர். இரண்டாம் முறை அந்நாடா, றிச்சட் டன்வூடி என்னும் சவாரிக்காரரின் கழுத்தையே சுற்றிக்கொண்டது. அதிகாரி மறுபடியும் கொடியை வீசினார். கொடி விரியவில்லை. 30 குதிரைகள் ஓடிவிட்டன.

ஆட்கள் பாதையருகே நின்று கையசைத்தனர், கூவினர். ஊர்ந்தோரிற் சிலர் இவர்களையும் எதிர்ப்பாளர் என்றே எண்ணி அப்பாற் சென்றனர். அவர்களைக் குறைகூற முடியாது. சற்றுமுன்தான் உண்மையான எதிர்ப்பாளரை அவர்கள் கண்டிருந்தார்கள் அல்லவா? முதற்சுற்று முடியும்போது பலர் நிலைமையுணர்ந்து நின்றுவிட்டனர். 7 குதிரைகள் மாத்திரம் எல்லைவரை ஓடிமுடித்தன.

முதலில் வந்தது ஏஷா நெஸ் என்னும் குதிரை. அதனை ஊர்ந்தவர் ஜோன் வைட். 1987ஆம் ஆண்டு இதே பந்தயத்தில் இரண்டாமிடத்தோடு திரும்பியவர். இம்முறை அவர் ஓடிமுடித்த நேரம், அதுவரை பதிவானவற்றுள் இரண்டாவது விரைவான நேரம். எல்லைக்கம்பத்தைக் கடந்த பின்னரே செய்தி அவர் காதில் விழுந்தது: ஓட்டம் செல்லாது. அக்குதிரையைப் பயிற்றியவர் ஜெனி பிற்மன். 1983ஆம் ஆண்டு இப்பந்தயத்தில் வென்று, அவ்வெற்றியைப் பெற்ற முதற் பெண் பயிற்றுநர் எனப் பெயர்பெற்றவர். ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அதனை நிறுத்துமாறு அதிகாரிகளிடம் மன்றாடியவரும் அவரே. தம் குதிரை முதலாவதாய் வரப்போகிறதென்பது அவருக்கு அப்போது எங்ஙனம் தெரியும்?

பணம் கட்டியோருக்கு ஏறத்தாழ 75 மில்லியன் பவுண் திருப்பிக் கொடுக்கப்பட்டதென்பர். ஆகவே பணம் வைத்தவன் இழந்தது ஒரு மாலைப்பொழுது. ஊர்ந்தவனுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? பல மாதப் பயிற்சியையா, தாண்டிய 30 தடைகளையா? நாலரை மைல் ஓடிக் களைத்த விலங்கை மறுபடியும் ஓடு என்று நிறுத்தவும் முடியாது. போட்டி நடத்துவோரின் கவலையீனம் போட்டியிடுவோன் தலையில் விடிகிறது என்பதை, மாணவர் விளையாட்டுப் போட்டிகளிற் கொடியும் விசிலும் பிடித்து நின்ற ஆசிரியர் யாவரும் அறிவர். மைதானத்திலே 'மறுபடியும் ஓடுங்கள்' என்று சொல்லும்போது, நன்றாக ஓடிய பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்க முடிவதில்லை.

பின்னர் நடந்த விசாரணை தொடக்க அதிகாரியிடத்தும் உதவியாளரிடத்தும் குறைகண்டது. எனக்கென்னவோ அவ்விருவரைக் காட்டிலும், அத்துணைப் பெரிய பந்தயத்தை ஒரு கொடியின் மடிப்பிலே தொங்கவிட்ட ஏற்பாட்டின்மீதே சினம் உண்டாகிறது. பிறகு நாடாவை உறுதியாக்கினர். பளிச்சிடும் கொடிகளோடு ஆட்களை நிறுத்தி, தொடக்க அதிகாரியுடன் பேசுதற்கு வானொலிக் கருவியும் அளித்தனர். இவையெல்லாம் 1993இல் எவரும் கண்டறியாத அற்புதங்கள் அல்ல.

மறு ஆண்டு, 1994இல், நாடா கழுத்தைச் சுற்றிய அதே டன்வூடி பந்தயத்தை வென்றார். 1995இல் பிற்மன் பயிற்றிய வேறொரு குதிரை வென்றது. ஜோன் வைட்டின் பெயரோ, வென்றோர் பட்டியலில் எந்த ஆண்டுக்கு நேரேயும் இல்லை.