எக்செல்லில் ஓர் அணுவைப் பூட்டி வைப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செல்லை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "நமக்கு என்ன கடையா இருக்கிறது, கணக்கு எழுத?" என்று மூடிவிடுவார்கள். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் எனக்கே எக்செல் என்றால் டைம்ஷீட்தான். தேங்காய்த்திட்டில் எங்கள் வீட்டில், எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் தங்கை ஒரு சனிக்கிழமை இரவு கேட்டாள்: "அண்ணா, ஒரு ஹைட்ரஜன் அணுவை உருண்டைக்குள் அடைக்கணும். உன் கம்ப்யூட்டரில் முடியுமா?" திங்கட்கிழமை அவளுக்கு செமினார்.

விஷயம் இதுதான். அணுவில் எலக்ட்ரான் ஓர் அலையாகப் பரவி நிற்கிறது. வெளியே போகப் போக அலை மெலிந்துகொண்டே போகும். ஆனால் முற்றிலும் முடிந்துவிடாது. இப்போது அணுவைச் சுற்றி, தேங்காய் ஓடு போல, எலக்ட்ரான் தாண்ட முடியாத ஓர் உருண்டைச் சுவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (எங்கள் ஊர் பெயருக்குப் பொருத்தமான உதாரணம்!) சுவரில் அலை பூஜ்யமாகியே ஆக வேண்டும். உருண்டையைச் சுருக்கச் சுருக்க எலக்ட்ரானின் ஆற்றல் ஏறும்.

1937-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த மிஷெல்ஸ், டி போயர், பைல் ஆகிய மூவரும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். அதிக அழுத்தத்தில் அணு என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. அடுத்த வருடம் சாமர்ஃபெல்டும் வெல்கரும் அதைத் தொடர்ந்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. நமக்கு ஐந்து நிமிட வேலை.

எக்செல்லில் புதிய ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். டி1-ல் -0.5 என்று கொடுங்கள்; இதுதான் ஆற்றல். ஏ2-ல் 0, ஏ3-ல் 0.01. பி2-ல் 0, பி3-ல் 0.01. ஏ4-ல் =ஏ3+0.01. பி4-ல் இந்த ஃபார்முலா:

=2*பி3-பி2-0.0002*($டி$1+1/ஏ3)*பி3

டி1-க்கு டாலர் குறி போட மறந்தால் எல்லாம் கெட்டுவிடும். ஏ4, பி4 இரண்டையும் செலக்ட் செய்து 202-வது வரிசை வரை இழுத்து விடுங்கள். ஏ வரிசை மையத்திலிருந்து தூரம்; பி வரிசை எலக்ட்ரான் அலை. தூரத்தில் 1 என்பது 0.529 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்). ஆற்றலில் 1 என்பது 27.2 எலக்ட்ரான் வோல்ட். ஆக நாம் கொடுத்த -0.5 என்பது சுதந்திரமான ஹைட்ரஜனின் -13.6.

ஏ202-ல் தூரம் 2. அங்கே சுவர் இருந்தால் பி202 பூஜ்யமாக வேண்டும், ஆனால் 0.27 என்று நிற்கும். டேட்டா டேபில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக் என்பதை கிளிக் செய்யுங்கள். பி202-ஐ 0 ஆக்கு, டி1-ஐ மாற்று என்று சொல்லுங்கள். லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே வசதி டூல்ஸ் மெனுவில் இருக்கிறது.

இங்கேதான் எங்களுக்குச் சண்டை வந்தது. விடையில் மூன்றாவது தசம இடம் இடறியது. தங்கை, "சரியாக -0.125 வரணும். நான் கையால் போட்டிருக்கிறேன்" என்றாள். "கம்ப்யூட்டர் தப்பு செய்யாது, உன் நோட்டைப் பார்" என்றேன் நான். அவள் பாதி நோட்டை அடித்துத் திருத்தவே ஆரம்பித்துவிட்டாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு விளக்கினாள். சுதந்திரமான ஹைட்ரஜனின் இரண்டாவது நிலையில், அலை தூரம் 2-ல் தானாகவே பூஜ்யமாகிறது. அந்த இடத்தில் சுவர் வைத்தால் உள்ளே இருக்கும் அலைக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே ஆற்றல் இரண்டாவது நிலையின் ஆற்றலேதான்: -0.125, அதாவது -3.4 எலக்ட்ரான் வோல்ட். இதில் தோராயத்துக்கே இடமில்லை.

தப்பு என்னுடையது. கோல் சீக், குறியிலிருந்து 0.001 தூரத்துக்குள் வந்தாலே "கிடைத்துவிட்டது" என்று நின்றுவிடும். என் பி வரிசையில் மிகப் பெரிய எண்ணே சுமார் 0.3, அதற்கு 0.001 சிறிய பிழை அல்ல. பி3-ல் 0.01-க்குப் பதிலாக 1000 கொடுத்தேன். அலையின் உயரம் மட்டும் பெருகும், வடிவம் மாறாது. மறுபடி கோல் சீக்: -0.125. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. ரப்பரை எடுத்துத் தன் திருத்தங்களை அழித்தாள். ஸாரி சொன்னேன்.

அடுத்து, டி1-ல் 0 கொடுத்துப் பாருங்கள். பி வரிசை 1.83-க்கும் 1.84-க்கும் நடுவே மைனஸாக மாறும். சரியான எண் 1.835. உருண்டையின் ஆரம் அதற்கும் கீழே போனால் ஆற்றல் பிளஸ் ஆகிவிடும். எலக்ட்ரானை உள்ளே வைத்திருப்பது அணுக்கருவின் இழுப்பு மட்டுமல்ல, சுவரும்தான். ஆரம் 1-க்கு பி102-ஐ பூஜ்யமாக்கச் சொல்லுங்கள், டி1-ல் 2 கொடுத்துத் தொடங்குங்கள். 2.37 வரும்.

நிஜத்தில் இப்படி உருண்டை உண்டா? உண்டு. 60 கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் கோர்த்த கூடு, 1985-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 1996-ல் அதற்கு நோபல் பரிசு. அதற்குள் வேறு அணுவை அடைக்க முடிகிறது. ஆனால் அந்தச் சுவர் நம் ஷீட்டில் இருப்பது போல் கெட்டியானதல்ல. ஒளி பட்டு வெளியேறும் எலக்ட்ரானின் அலை கூட்டில் மோதித் திரும்பி ஏற்ற இறக்கங்களை உண்டாக்கும் என்று கணக்குகள் சொல்லின. 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் செனான் அணுவில் அதை அளந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பி.சி. தேஷ்முக் குழுவினர் இத்தகைய கூட்டுக்குள் உள்ள அணுக்களைப் பற்றிக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் கே.டி. சென், அடைபட்ட அணுக்கள் பற்றி 2014-ல் ஒரு புத்தகமே தொகுத்தார்.

தங்கை செமினாருக்கு அந்த எக்செல் ஃபைலையே பென் டிரைவில் எடுத்துப் போனாள். பி3-ல் 1000 ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தாளாம். யாரும் கேட்கவில்லை என்று வீட்டுக்கு வந்து என்னிடம்தான் குறைபட்டுக்கொண்டாள்.