லாரியில பாட்டும் கேட்கணும்... பேட்டரியும் பிழைக்கணும்!

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் புது லாரி ஒன்று ரோட்டுக்கு வருகிறது என்றால், அதற்கு முன்னால் மூன்று காரியங்கள் நடக்கும். கண்ணாடிக்கு மேலே பிள்ளைகள் பெயரை எழுதுவார்கள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். கேபினுக்குள் பாட்டு செட் மாட்டுவார்கள். முதல் இரண்டிலும் யாரும் தப்பு செய்வதில்லை. மூன்றாவதில் நடக்கிற சின்னத் தப்புதான், நடுக்காட்டில் வண்டி செல்ஃப் எடுக்காமல் நிற்பதில் தொடங்கி, கேபின் கருகுவது வரை கொண்டுபோய் விடுகிறது.

வாரக்கணக்கில் வெளியூரில் ஓடும் டிரைவருக்கு கேபின்தான் வீடு. சமையல், தூக்கம், துவைத்த சட்டை காய்வது எல்லாம் அதற்குள்தான். அந்த வீட்டில் பாட்டு வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால், கார் கடையில் வாங்கிய செட்டை அப்படியே லாரியில் மாட்ட முடியாது. ஏன்?

12-க்கும் 24-க்கும் நடக்கும் சண்டை

கார் ஓடுவது 12 வோல்ட்டில். கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து அந்த 24-ஐக் கொண்டு வருகிறார்கள். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது சுமார் 28 வோல்ட். சாதாரண கார் செட்டை நேரடியாக இதில் கொடுத்தால் புகை வரும், அவ்வளவுதான்.

இதற்குப் பல பேர் கண்டுபிடித்த குறுக்கு வழி, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுப்பது. 12 வோல்ட் கிடைக்கும், செட்டும் பாடும். அன்றைக்கு எந்தக் கோளாறும் தெரியாது. ஆனால், பாட்டுக்குக் கரன்ட் கொடுக்கிற பேட்டரி மட்டும் தினமும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் சார்ஜ் ஏற்றும். இறங்கிய பேட்டரி முழுசாக நிரம்பாது. நிரம்பிய பேட்டரிக்கோ அளவுக்கு மேல் ஏறி, உள்ளே தண்ணீர் வற்றும். ஒன்று பட்டினியால் போகும், மற்றது அஜீரணத்தால் போகும்!

கன்வெர்ட்டர் என்ன செய்யும்?

சரியான வழி இரண்டு. ஒன்று, ‘12/24 வோல்ட்’ என்று போட்டிருக்கும் செட்டையே வாங்குவது. இல்லையென்றால், 24-ஐ 12 ஆகக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டரை நடுவில் மாட்டுவது. கன்வெர்ட்டர் இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுப்பதால், ஒன்று மட்டும் இளைக்காது.

ஒரு கணக்கு பார்க்கலாம். செட் 5 ஆம்பியர் எடுக்கிறது, வண்டியை நிறுத்திவிட்டு 8 மணி நேரம் பாட்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே பேட்டரியில் இழுத்திருந்தால் அதில் மட்டும் 40 ஆம்பியர்-ஹவர் காலி. நல்ல கன்வெர்ட்டர் வழியாக என்றால் ஒவ்வொரு பேட்டரியிலும் சுமார் 24 மட்டுமே. காலையில் செல்ஃப் எடுக்குமா, எடுக்காதா என்பதை இந்த வித்தியாசமே முடிவு செய்யும்.

கன்வெர்ட்டரிலும் இரண்டு ரகம் உண்டு. மலிவான பழைய ரகம், மீதி 12 வோல்ட்டை வெறும் சூடாகவே வெளியே தள்ளும். செட்டுக்கு 60 வாட் போனால், இன்னொரு 60 வாட் சூடாக வீணாகும். அதை சீட்டுக்கு அடியில், போர்வைக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘ஸ்விட்சிங்’ ரகம் அவ்வளவு சூடாகாது. எந்த ரகமானாலும் காற்றோட்டமான இடத்தில் திருகி வைக்க வேண்டும். செட்டின் பின்னால் 15 ஆம்பியர் பியூஸ் இருந்தால், 20 ஆம்பியர் தாங்கும் கன்வெர்ட்டர் வாங்குவது நல்லது.

பியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

பியூஸ் என்றாலே செட்டைக் காப்பாற்ற என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது முதலில் காப்பாற்றுவது வயரை. அதனால் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஒரு பியூஸ் இருக்க வேண்டும். லாரியில் பேட்டரி சேஸிஸில் இருக்கும், செட் கேபினில் இருக்கும். நடுவில் வயர் இரும்பில் உரசி, மேலுறை கிழிந்து ஷார்ட் ஆனால், பியூஸ் இல்லாத வயர் அடுப்புக் கம்பி போலச் சிவந்துவிடும். இரும்புத் துளை வழியாக வயர் போகும் இடத்தில் ரப்பர் புஷ் கட்டாயம். கேபினைச் சாய்க்கிற வண்டி என்றால், சாய்க்கும்போது இழுபடாத அளவுக்கு வயரைத் தளர்வாக விட வேண்டும்.

செட்டின் வயர்களில் கறுப்பு எர்த். சிவப்பு, சாவி போட்டால் வரும் லைன். மஞ்சள், எப்போதும் உயிரோடு இருக்கும் லைன். மஞ்சள் வயர்தான் ஸ்டேஷன்களையும் கடிகாரத்தையும் நினைவில் வைக்கிறது. பெரும்பாலான செட்களில் நிறம் இதுதான் என்றாலும், அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து இணைப்பதே பத்திரம். மரச் சட்டத்தில் கட்டிய கேபின் என்றால், எர்த் வயரை ஏதோ ஒரு ஸ்க்ரூவில் சுற்றிவிடக் கூடாது, நல்ல எர்த் வரை தனியாகக் கொண்டுபோக வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ங்ங்ங்’ என்று சத்தம் ஏறினால், முதலில் பார்க்க வேண்டியதும் எர்த்தைத்தான்.

டேங்கர் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

நாமக்கல்லில் எல்.பி.ஜி. டேங்கர்கள் அதிகம். இந்த மாதிரி வண்டிகளில் பேட்டரியை முழுசாகத் துண்டிக்க மாஸ்டர் சுவிட்ச் இருக்கும். ஸ்டேஷன் நினைவு அழியக் கூடாது என்று, மஞ்சள் வயரை அந்த சுவிட்ச்சுக்கு முன்னாலிருந்தே இழுத்தால், சுவிட்ச்சை அணைத்த பிறகும் கேபினில் கரன்ட் இருக்கும். வாயு கசியும் நேரத்தில் ஒரு சின்னப் பொறி போதும். நாலு ஸ்டேஷனை மறுபடி தேடிக்கொள்ளலாம், பரவாயில்லை!

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் சென்சார்களும் கம்ப்யூட்டரும் நிறைய. கைக்குக் கிடைத்த வயரைச் சீவி அதில் இணைத்தால், பாட்டோடு சேர்ந்து எச்சரிக்கை விளக்கும் எரியும். வாரன்டியிலும் சிக்கல் வரலாம். சர்வீஸ் சென்டரில் கேட்டு, அவர்கள் காட்டும் பாயின்ட்டில் எடுப்பதே நல்லது.

சத்தத்துக்கும் ஓர் அளவு

இப்போது புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். கண்ணாடி மூடிய கேபினில் கொஞ்சம் வால்யூம் வைத்தாலே பின்னால் வரும் ஹாரன் கேட்காது. காதுக்கும் அளவு உண்டு. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டு ஓடும்போது பக்கத்தில் உள்ள கிளீனர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழுந்தால், வால்யூம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. ராத்திரி ஓட்டத்தில் கண் சொக்கும்போது பல டிரைவர்கள் செய்வது, வால்யூமைக் கூட்டுவது. சில நிமிஷம் தெளிவது போல இருக்கும். ஆனால், பாட்டு காதைத்தான் எழுப்பும், மூளையை எழுப்பாது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான். கண் சொக்கினால் ஒரு பங்க்கில் ஓரம் கட்டி, செட்டை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் படுத்துவிடலாம். லோடு கொஞ்சம் தாமதமானால் ஓனர் திட்டுவார். கண்ணாடிக்கு மேலே பெயர் எழுதப்பட்டிருக்கும் பிள்ளைகளுக்கு, அப்பா வீடு வந்து சேர்ந்தால் போதும்.