புகையைத் தடுக்கும் கதவுகள்

தீ விபத்துகளில் நெருப்பைவிடப் புகையே மிகுதியான உயிர்களைப் பறிக்கிறது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில், அடித்தளத்தில் பற்றிய தீயின் புகை மேல்தளங்களுக்கும் பரவியது. சுமார் 90 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மூச்சுத்திணறியே மாண்டனர்.

இத்தகைய இடரைத் தவிர்க்கவே தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) தனது நான்காம் பகுதியில் புகைக் கட்டுப்பாட்டு ஏற்பாடுகளை வகுத்துள்ளது. சூடான புகை மேலெழும்பிக் கூரையடியில் தேங்கும். உறிஞ்சு விசிறிகள் அதனை வெளியேற்றும். மாடிப்படிக் கூடத்தில் காற்றழுத்தம் சற்றே கூட்டப்படுவதால் புகை உள்ளே நுழையாது. தீத்தடுப்புக் கதவுகள் புகையை ஒரு பகுதிக்குள் அடக்கி, நோயாளிகளைக் கட்டிலோடு அதே தளத்தின் மறுபகுதிக்கு நகர்த்த அவகாசம் தரும்.

காற்று வரட்டும் என்று இக்கதவுகளுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்பதைக் காண்கிறோம். திறந்து கிடக்கும் ஒரே கதவு இவ்வேற்பாடுகள் அனைத்தையும் பயனற்றதாக்கிவிடும்.

ஆகவே, நோயாளிகளையும் உடனிருப்போரையும் வேண்டுகிறோம்:

• தீத்தடுப்புக் கதவுகளை மூடியே வையுங்கள்.
• படிக்கட்டிலும் நடைவழியிலும் பாய், பை முதலியவற்றை வைக்காதீர்கள்.
• புகையைக் கண்டால் உடனே செவிலியரிடம் கூறுங்கள். புகையுள்ள இடத்தில் குனிந்து செல்லுங்கள்.
• மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள்.
• நோயாளியை நகர்த்துவதில் ஊழியரின் சொற்படி நடங்கள்.