வளர்ப்புப் பல்லிக்கு இரை: வீட்டிலேயே பூச்சி வளர்ப்பது எப்படி?

கோழிக்குஞ்சுக்குக் கறையான் பிடிப்பது கொங்கு வட்டாரத் தோட்டங்களில் பழகிய வேலை. பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, மக்கிய ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் குஞ்சுகளுக்குத் தீனி ரெடி. இன்று பெருந்துறையில் ஒரு வாடகை வீட்டில் லெப்பர்ட் கெக்கோ பல்லி வளர்க்க நினைப்பவருக்கும் அதே தேவைதான்: உயிருள்ள பூச்சி, அதுவும் தட்டுப்பாடு இல்லாமல்.

வெளியில் பிடித்துப் போட்டால் என்ன?

வயலோரப் பூச்சியின் உடம்பில் பூச்சிக்கொல்லி மருந்து இருக்கலாம். மின்மினிப் பூச்சி இன்னும் ஆபத்து. அதிலுள்ள நஞ்சு பியர்டட் டிராகன் போன்ற பல்லியைக் கொன்றுவிடும். பட்டுப்புழு நல்ல இரைதான். ஆனால் பட்டு வளர்ப்பு மனைகளில் புழுப் படுக்கை மேல் கிருமிநாசினிப் பொடி தூவுவார்கள் என்பதால், கேட்காமல் வாங்கக் கூடாது.

எதில் தொடங்கலாம்?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மீல்வார்ம் சுலபம். பெயர்தான் புழு, உண்மையில் அது ஒரு வண்டின் இளம்பருவம். காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு மூன்று அங்குலம் கோதுமைத் தவிடு. ஈரத்துக்கு ஒரு துண்டு கேரட், அவ்வளவுதான். தண்ணீர் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். முட்டை பொரிந்து, புழு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி வண்டாக மூன்று மாதம் வரை ஆகும். வண்டுகளைத் தனி டப்பாவுக்கு மாற்றாவிட்டால் முட்டையையும் கூட்டுப்புழுவையும் அவையே தின்றுவிடும்.

கிரிக்கெட் பூச்சி ஆறு முதல் எட்டு வாரத்தில் வளர்ந்துவிடும். ஒளிய முட்டை அட்டைகள், முட்டையிட ஈரமண் கிண்ணம் போதும். ஆனால் நாற்றமும் ராத்திரி சத்தமும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வாரா என்று யோசிக்க வேண்டும்.

பூச்சி மட்டும் போட்டால் போதுமா?

போதாது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கிரிக்கெட்டிலும் மீல்வார்மிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. பல்லிக்குத் தேவை இதற்கு நேர் எதிர்: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் சுமார் இரண்டு பங்கு. வெறும் பூச்சியையே தின்று வளரும் பல்லி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். தாடை மெத்தென்று ஆகும், கால் வளையும், நடுக்கம் வரும். ஒருமுறை வளைந்த எலும்பு பழையபடி நேராவது கடினம்.

தடுக்க வழி இருக்கிறது. இரையாகப் போடுவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே பூச்சிக்குக் கீரையும் கால்சியம் சேர்த்த தீனியும் கொடுக்க வேண்டும். போடும்போது ஊர்வனவற்றுக்கான கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். டி3 வைட்டமினோ புற ஊதா விளக்கோ இல்லாவிட்டால் அந்தக் கால்சியம் உடம்பில் ஒட்டாது. பூச்சியின் அளவு பல்லியின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தைத் தாண்டக் கூடாது. தின்னாமல் விட்ட கிரிக்கெட்டை எடுத்துவிடணும். பசித்தால் அது பல்லியையே கடிக்கும்.

நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

மீல்வார்முக்கு 25 முதல் 28 டிகிரி இதம். 35-ஐத் தாண்டினால் சாகத் தொடங்கும். அதனால் கோடையில் தகர ஷீட்டுக்குக் கீழே டப்பாவை வைக்காமல், வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கலாம். எறும்புக்கு நம்ம வீட்டு வழியே போதும்: தண்ணீர் ஊற்றிய தட்டில் ஒரு கிண்ணம், அதன் மேல் டப்பா.

சட்டம் என்ன சொல்கிறது?

உடும்பைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாடான சைட்டீஸ் பட்டியலில் உள்ள பச்சை இகுவானா போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, இகுவானா இலைதழை தின்னும் பிராணி. அதற்குப் பூச்சியே தேவையில்லை.

ஆகவே முதலில் எந்த இனம், அது என்ன தின்னும் என்று பார்த்துக்கொள்வது நல்லது. அடுத்து வாங்க வேண்டியது தவிடும் டப்பாவும். புழு தடையில்லாமல் கிடைக்க மூன்று மாதம் ஆகும் என்பதால், பல்லி கடைசியில் வந்தால் போதும்.