குழாயை வளைக்குமுன் சொல்லை அறிவோம்

வட அமெரிக்காவின் கட்டடத் தளங்களில் மின்வேலை பழகும் எம்மவருக்குக் கைத்திறனில் குறைவில்லை. எனினும், மேற்பார்வையாளர் கூறும் ஒரு சொல் விளங்காதபோது பத்தடிக் குழாயொன்று வீணாகின்றது. வேலை தெரியாதவர் என்ற பெயரும் வந்து சேர்கின்றது. ஆதலால், மின்கம்பிகள் செல்லும் ஈ.எம்.ரி. எனும் மெல்லிய உருக்குக் குழாயைக் கையால் வளைக்கும்போது வழங்கும் சொற்கள் சிலவற்றை இங்கு நோக்குவோம்.

முதலாவது 'ஸ்ரப் அப்'. குழாயின் ஒரு முனை நேராக மேலெழுமாறு 90 பாகையில் வளைப்பது இது. இதற்கென அளவிலிருந்து கழிக்க வேண்டிய நீளமே 'ரேக் அப்'. வழமையான கை வளைப்பானில் அரை அங்குலக் குழாய்க்கு 5 அங்குலமும், முக்கால் அங்குலக் குழாய்க்கு 6 அங்குலமும், ஓரங்குலக் குழாய்க்கு 8 அங்குலமும் கழிக்கப்படும். அரை அங்குலக் குழாய் 12 அங்குலம் எழவேண்டுமாயின், முனையிலிருந்து 7 அங்குலத்தில் அடையாளமிட்டு, வளைப்பானின் அம்புக்குறியை அதனுடன் பொருத்த வேண்டும்.

அடுத்தது 'ஓவ்செற்'. தடையொன்றை விலகிச் சென்று, குழாய் மீண்டும் முன்னைய திசைக்குச் சமாந்தரமாகச் செல்வதற்கான இரு வளைவுகள் இவை. விலக வேண்டிய உயரத்தை 30 பாகைக்கு 2ஆலும், 45 பாகைக்கு 1.4ஆலும் பெருக்கினால், இரு அடையாளங்களுக்கும் இடையிலான தூரம் கிடைக்கும். பாடசாலையில் நாம் கற்ற திரிகோண கணிதமே இது. 4 அங்குலத் தடைக்கு 30 பாகையில் 8 அங்குல இடைவெளி வேண்டும். அவ்வாறு வளைத்த குழாய் எட்டும் தூரம் சற்றுக் குறையும், அதுவே 'ஷ்றிங்க்'. 30 பாகையில் உயரத்தின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் கால் அங்குலம் குறையும்.

குறுக்கே கிடக்கும் குழாயொன்றைத் தாண்டி, மீண்டும் அதே கோட்டுக்கு வருவது 'சடில்'. பெரும்பாலும் நடுவில் 45 பாகையும், இருபுறமும் இருபத்திரண்டரைப் பாகையும் வளைப்பர். இரு வளைவுகள் ஒரே தளத்தில் அமையாது முறுகிவிட்டால் அது 'டோக் லெக்'. கையை எடுத்ததும் குழாய் சற்று நிமிர்வது 'ஸ்பிறிங் பாக்'. அதனால் வேண்டிய பாகையைச் சிறிது தாண்டி வளைப்பது வழக்கம்.

இவை வெறும் அழகுக்கான கணக்குகள் அல்ல. கம்பி இழுக்கும் இரு பெட்டிகளுக்கிடையே வளைவுகளின் கூட்டுத்தொகை 360 பாகையைத் தாண்டலாகாது என்பது கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் விதி. ஓர் 'ஓவ்செற்' 45 பாகையில் வளைக்கப்பட்டால் 90 பாகை செலவாகும். 30 பாகையில் வளைத்தால் 60 பாகையே. வளைவுகள் மிகுந்தால் கம்பியைப் பலங்கொண்டு இழுக்க நேரும். அதன் காவலி உரிந்துவிடக்கூடும். சுவருக்குள் மறைந்துபோகும் அக்காயம் எவர் கண்ணுக்கும் தெரியாது. பின்னர் அங்கு குடியிருப்போரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே தொழில் பழகும் இளைஞர்கள் இச்சொற்களையும் எண்களையும் சிறு குறிப்பேட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருத்தல் நன்று. வளைப்பானில் பொறிக்கப்பட்டுள்ள அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்க. வெட்டிய குழாய் வளராது. அளந்த பின்னரே வளைப்போம்.