உலோகத்தின் தன்வெப்பம்: கணக்கால் அறிவோம்

கெங்குவார்பட்டி வீடுகளில் அலுமினியச் சட்டியும் செம்புப் பாத்திரமும் இரும்புத் தோசைக்கல்லும் உண்டு. ஒரே எடையுள்ள அலுமினியத்தையும் செம்பையும் ஒரே அளவு சூடாக்க வேண்டுமானால், அலுமினியத்திற்கு இரண்டு மடங்குக்கும் அதிகமான வெப்பம் தேவை. ஏன்?

ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பமே தன்வெப்பம். அதை அட்டவணையில் பார்த்து மனப்பாடம் செய்கிறோம். அட்டவணை இன்றியும் கணக்கிடலாம், தோழியரே!

1819ஆம் ஆண்டில் டூலாங், பெட்டிட் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் பல திண்மத் தனிமங்களின் தன்வெப்பத்தை அணு எடையால் பெருக்கிப் பார்த்தனர். விடை ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. அதாவது, ஏற்கும் வெப்பம் அணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு கிலோ மிளகையும் ஒரு கிலோ தேங்காயையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காசு கொடுப்பதானால் மிளகுக்கே செலவு மிகுதி. அலுமினிய அணு லேசானது. ஆகவே ஒரு கிராமில் எண்ணிக்கை அதிகம்.

ஓர் அணுவின் பங்கு எவ்வளவு? திண்மப் பொருளில் அணு தன் இடத்திலேயே மூன்று திசைகளில் அதிர்கிறது. ஒவ்வொரு திசையிலும் இயக்க ஆற்றல் ஒரு பங்கு, நிலை ஆற்றல் ஒரு பங்கு, மொத்தம் ஆறு. போல்ட்ஸ்மானின் கொள்கைப்படி, ஒரு மோல் அணுக்களுக்கு ஒரு பங்கின் அளவு, டிகிரிக்கு வாயு மாறிலி 8.31இல் பாதி. ஆறு பங்கும் சேர்ந்து 24.9 ஜூல். இதை அணு எடையால் வகுத்தால் தன்வெப்பம் கிடைக்கும்.

அலுமினியம் (27): கணக்கு 0.92, அளவீடு 0.90
இரும்பு (56): கணக்கு 0.44, அளவீடு 0.45
செம்பு (63.5): கணக்கு 0.39, அளவீடு 0.39
ஈயம் (207): கணக்கு 0.12, அளவீடு 0.13

ஆய்வுக்கூடத்தில் சோதிக்கலாம். கொதிநீரில் சூடேறிய 100 கிராம் அலுமினியத்தை 30 டிகிரியிலுள்ள 200 கிராம் நீரில் இட்டால், நீர் ஏறக்குறைய 37 டிகிரியை எட்டும். ஈயமானால் 31 டிகிரிதான். கலம் ஏற்கும் வெப்பத்தால் இவை சற்றுக் குறையலாம்.

ஆனால் வைரம் இவ்விதிக்கு அடங்கவில்லை. கணக்கு 2.1 என்க, அளவீடோ 0.5தான். கடுங்குளிரில் உலோகங்களின் தன்வெப்பமும் குறைந்துவிடுகிறது. அதிரும் அணு ஆற்றலைத் துளித்துளியாகவே ஏற்கும் என்று 1907இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். வைரத்தின் அணுக்கள் இறுகப் பிணைந்து விரைவாக அதிர்வதால் அத்துளி பெரிது. சாதாரண வெப்பநிலையில் அது எளிதில் கிட்டுவதில்லை. 1912இல் டிபை இக்கொள்கையைச் செம்மைப்படுத்தினார்.

திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1950களில் பெங்களூரில் உலோகங்களின் தன்வெப்பத்தை ஆராய்ந்து, டிபையின் கருத்தை மறுத்தார். பிற்கால நியூட்ரான் சோதனைகள் ராமனுடைய கொள்கைக்கு மாறாகவே அமைந்தன. நோபல் பரிசு பெற்ற மேதையாயினும் அளவீட்டின் தீர்ப்புக்கு உட்பட்டவரே. அறிவியலின் நேர்மை இதுவே.

எனவே, விதியை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், கணக்கிடுவோம், அளந்து ஒப்பிடுவோம். அடுக்களைச் சட்டியிலும் இறைவன் வைத்த ஒழுங்கை அப்போது காண்போம்.